முடி எங்கே ஒடிகிறது என்று முதலில் பாருங்கள்

மயிலாப்பூரில் ஒரு மாடி அறையில் 14 ஆண்டுகள் பெண்களுக்கான அழகு நிலையம் நடத்தினேன். இப்போது கடை இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை காலையானால் அக்காவின் பெண்கள், மாடி வீட்டு மாமி, பக்கத்துத் தெருத் தோழிகள் என்று யாராவது துண்டும் சீப்புமாக வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பாதிப் பேர் சொல்வது ஒன்றுதான்: "போன தடவைதான் வெட்டினேன், மறுபடியும் நுனி வெடித்துவிட்டது."

அவர்கள் தலையில் நான் செய்து பார்க்கும் சோதனைகளை அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் முடியில் தெரிவது எதுவோ, அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். காசு செலவில்லாத காரணம் முதலில் வரும். செலவு வைப்பது கடைசியில் வரும்.

கையில் ஒரு வெள்ளைத் தாள், அகலப் பல் சீப்பு, நான்கு கிளிப்புகள், கட்டம் போட்ட துண்டு, முடி வெட்டுவதற்கென்றே விற்கும் கத்தரிக்கோல் இருக்கட்டும். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் உட்காருங்கள். குழல் விளக்கின் கீழ் பாதி வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது.

## நுனி இரண்டாகப் பிரிந்து நிற்கிறது

சுண்டுவிரல் கனத்துக்கு ஒரு கற்றையைப் பிரித்து, கயிறு திரிப்பதுபோல் மேலிருந்து கீழே முறுக்குங்கள். வெடித்த முடிகள் முறுக்கிலிருந்து முள் முள்ளாக வெளியே நீட்டும். அவை எங்கே நீட்டுகின்றன என்பதைப் பாருங்கள்.

### கடைசி ஓரங்குலத்தில் மட்டும் என்றால்

இது வயது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 முதல் 1.25 சென்டிமீட்டர் வளர்கிறது. அப்படியானால் இடுப்பைத் தொடும் சடையின் நுனிக்கு நாலைந்து வயதாகிறது. அத்தனை வருட வெயிலும் சீப்பும் பட்டது தேயத்தான் செய்யும். ஒன்று அல்லது இரண்டு சென்டிமீட்டர் வெட்டினால் போதும். ஒரு முக்கியமான விஷயம்: பிளவு முடியும் இடத்துக்கு அரை சென்டிமீட்டராவது மேலே வெட்டுங்கள். பிளவின் நடுவில் வெட்டினால் மிச்சப் பிளவு மேலே ஏறிக்கொண்டே போகும்.

வெடித்த நுனியை நிரந்தரமாக ஒட்டவைக்கும் எண்ணெயும் கிடையாது, சீரமும் கிடையாது. சீரம் பூசினால் இரண்டு இழைகளும் ஒட்டிக்கொண்டு பளபளக்கும். அடுத்த தலைக்குளியலில் பிரிந்துவிடும். வெட்டினால் வேகமாக வளரும் என்பதும் அப்படித்தான். முடி வேரில் வளர்கிறது. நுனியை வெட்டியது வேருக்குத் தெரியாது. ஒடிந்து ஒடிந்து குறைவது நிற்பதால்தான் நீளம் தங்குகிறது. வளர்பிறையில்தான் வெட்ட வேண்டும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அன்றே வெட்டிக்கொள்ளுங்கள். முடிக்கு எந்த நாளும் ஒன்றுதான், பெரியவர்களுக்கும் மனது நிறையும்.

### நீளம் நெடுக அங்கங்கே என்றால்

நான்கு அங்குலத்தை ஒரேயடியாக இழக்க வேண்டியதில்லை. முடி காய்ந்திருக்கும்போது மேலே சொன்னபடி கற்றை கற்றையாக முறுக்கி, வெளியே நீட்டும் முட்களை மட்டும் ஒவ்வொன்றாக வெட்டுங்கள். கத்தரிக்கோலை முறுக்கின் மேல் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நல்ல முடியும் சேர்ந்து போகும். அடர்த்தியான தலைக்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது முன்போலவே நூற்றுக்கணக்கில் நீட்டினால், கோளாறு நுனியில் இல்லை. அடுத்த பகுதியைப் படியுங்கள்.

## வெட்டி இரண்டே மாதத்தில் மறுபடி வெடிக்கிறது

என்னிடம் அதிகமாக வருவது இதுதான். காரணம் கண்டுபிடிக்காமல் வெட்டிக்கொண்டே இருந்தால் முடி தோளைத் தாண்டாது.

### கத்தரிக்கோலைச் சோதியுங்கள்

ஒற்றை முடியைக் கத்தரியின் இரண்டு அலகுகளுக்கு நடுவில், இழுத்துப் பிடிக்காமல் வைத்து வெட்டுங்கள். சட்டென்று அறுந்தால் நல்லது. முடி மடங்கி அலகுகளுக்கு இடையே நழுவினால், அந்தக் கத்தரி முடியை வெட்டவில்லை, நசுக்குகிறது. நசுங்கிய நுனி அடுத்த வாரமே வெடிக்கத் தொடங்கும். பால் பாக்கெட்டும் காகிதமும் வெட்டிய கத்தரி எல்லாமே இந்தச் சோதனையில் தோற்கும். அழகு நிலையப் பொருள்கள் விற்கும் கடைகளில் ஐந்தரை அங்குலக் கத்தரி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டு உபயோகத்துக்கு அது பல வருடம் வரும், முடியைத் தவிர வேறெதையும் வெட்டாமல் இருந்தால். மழுங்கினால் தெருவில் வரும் சாணைக்காரரிடம் கொடுக்காதீர்கள். அந்தச் சக்கரம் அரிவாள்மனைக்குச் சரி. முடிக் கத்தரியின் மெல்லிய விளிம்பைத் தின்றுவிடும். முடிதிருத்தகத்தில் விசாரித்தால் அவர்கள் யாரிடம் தீட்டுகிறார்கள் என்று சொல்வார்கள்.

### முடிச்சும் மடிப்பும் எங்கே விழுகின்றன

அக்காவின் சின்னப் பெண் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி விதிப்படி இரட்டைச் சடை, மடித்துக் கட்டிய ரிப்பன். ஒரு வருடத்தில் மூன்று முறை நுனி வெட்டியும் சடை நடுவில் சிலுப்பிக்கொண்டு நின்றது. அவிழ்த்து வெள்ளைத் தாளின் மேல் பரப்பினேன். ஒடிந்த முடிகள் கன்னாபின்னாவென்று இல்லை; இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், புல் வெட்டியதுபோல் நின்றன. அந்த உயரத்தில் முடியோடு ஒரு நூலைக் கட்டிவிட்டு, மறுபடி பின்னி, பள்ளிக்குப் போவதுபோலவே மடித்துக் கட்டச் சொன்னேன். நூல் சரியாக மடிப்பின் வளைவில் வந்து நின்றது. வாரத்தில் ஐந்து நாளும் எட்டு மணி நேரம் அதே இடத்தில் வளைந்த முடி அங்கேதான் ஒடியும். போதாததற்கு, காலை ஆறரைக்குத் தலைக்குக் குளித்து ஏழு மணிக்கு ஈரத்தோடு மடித்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஈரமுடி உலர்ந்த முடியைவிடப் பலவீனமானது.

தலைக்குளியலை மாலைக்கு மாற்றினோம். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மடிப்பை இரண்டு அங்குலம் மேலேயோ கீழேயோ தள்ளிக் கட்டினோம். வழவழப்பான நைலான் ரிப்பனை இறுக்கி முடிச்சுப் போடுவதற்குப் பதிலாகத் துணி ரிப்பன் வாங்கினோம். பள்ளி விட்டு வந்ததும் அவிழ்த்துத் தளர்வாக ஒற்றைச் சடை. நுனியில் கை வைக்கவே இல்லை. ஆறு மாதத்தில் அந்தப் புல் கீழே இறங்கிச் சடையோடு சேர்ந்துவிட்டது.

பெரியவர்களுக்கு இதே கோளாறு நுனி முடிச்சால் வருகிறது. தலைக்குக் குளித்து, முடியை விரித்துவிட்டு, கடைசியில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டு சமையலைப் பார்ப்பது நம் வீடுகளில் எல்லோருக்கும் பழக்கம். அந்த முடிச்சு தினமும் ஒரே இடத்தில் விழுகிறது, அதுவும் ஈரத்தில். மாடி வீட்டு மாமிக்கு நான் சொன்னது ஒன்றே ஒன்று: முடிச்சை விட்டுவிட்டு, நுனியில் பருத்தித் துணித் துண்டால் தளர்வாகக் கட்டுங்கள்.

நாட்டியம் ஆடும் பெண்கள் மார்கழி முடிந்ததும் வருவார்கள். சவுரி, குஞ்சலம், பத்துப் பதினைந்து கொண்டை ஊசி என்று தினமும் ஏற்றி இறக்கியதில் பின்கழுத்து முடி பிய்ந்திருக்கும். ஊசியின் முனையில் உள்ள பிளாஸ்டிக் குமிழ் உதிர்ந்திருந்தால் அந்த ஊசியைத் தூக்கிப் போடுங்கள். வெற்றுக் கம்பி முடியைச் சீவிக்கொண்டு போகிறது.

### துண்டும் சீப்பும்

துண்டால் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். சிக்கை நுனியிலிருந்து தொடங்கி மேலே போங்கள். சீப்பின் பற்களை நகத்தால் தடவிப் பாருங்கள். நடுவில் அச்சில் வார்த்த ஒட்டுக் கோடு உறுத்தினால் அந்தச் சீப்பு முடியைக் கிழிக்கும். எண்ணெய் வைப்பதாக இருந்தால் குளிப்பதற்கு முன்பே வையுங்கள். தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் இந்திய ஆய்வாளர்கள் ஒப்பிட்டு 2003இல் வெளியிட்ட ஆய்வில், முடியின் புரத இழப்பைக் கண்கூடாகக் குறைத்தது தேங்காய் எண்ணெய்தான். நம் பாட்டிமார் செய்ததற்கு ஆதாரம் கிடைத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

### தண்ணீர்

இது சென்னையின் சொந்தக் கோளாறு. ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு மெட்ரோ தண்ணீர், பக்கத்து வீட்டுக்கு ஆழ்துளைக் கிணறு, அதற்கடுத்த அடுக்ககத்துக்கு லாரித் தண்ணீர். கோடையில் லாரி மாறினால் தண்ணீரும் மாறும். குழாய் முனையில் வெள்ளைப் படிவு, வாளியின் உள்ளே சுண்ணாம்புக் கோடு, சோப்பு நுரைக்க மறுப்பது: இவை மூன்றும் இருந்தால் கடின நீர். குளித்துக் காய்ந்த பிறகும் முடி மெழுகு பூசியதுபோல் சொரசொரவென்றிருந்தால் படிவு முடியிலும் இருக்கிறது. அதில் சிக்கு விழும், சிக்கெடுக்கும்போது நுனி கிழியும்.

உறுதி செய்துகொள்ள எளிய வழி இருக்கிறது. நான்கு வாரத் தலைக்குளியலிலும் கடைசி இரண்டு செம்பை மட்டும் கேன் தண்ணீரால் அலசுங்கள். முடி மிருதுவாகிச் சிக்கு குறைந்தால் குற்றவாளி தண்ணீர்தான். அதன் பிறகு மாதம் ஒருமுறை, தாதுப் படிவை நீக்குவதற்கென்று விற்கும் ஷாம்பு போதும். உடம்புக்குப் போடும் சோப்பைத் தலைக்குப் போடவே வேண்டாம். கடின நீரில் அது பிசுக்காகத் திரண்டு முடியில் ஒட்டிக்கொள்ளும். அடுக்ககமாக இருந்தால் சங்கத்தில் தண்ணீர்ப் பரிசோதனை அறிக்கை இருக்கும். டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவு) எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். மொத்தக் கடினத்தன்மை என்ற வரியைப் பாருங்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீருக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது; வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை அனுமதி. அதையும் தாண்டினால் கட்டடத்துக்கே மென்னீராக்கும் கருவி வைப்பது பற்றிச் சங்கத்தில் பேச வேண்டியதுதான். இந்தப் பட்டியலில் செலவு மிகுந்தது அது.

### சூடும் ரசாயனமும்

ஸ்மூத்தனிங், ஸ்ட்ரெயிட்டனிங், நிறம் வெளுத்தல் செய்த முடிக்கு ஒரு சோதனை. ஈரமான ஒற்றை முடியை இரண்டு கையிலும் பிடித்து மெல்ல இழுங்கள். நல்ல முடி சற்று நீண்டு, விட்டதும் பழைய நிலைக்குத் திரும்பும். ரப்பர்போல் நீண்டுகொண்டே போய்த் திரும்பாமல் தொங்கினால், அல்லது இழுத்த மாத்திரத்தில் அறுந்தால், உள்ளிருக்கும் பிணைப்பே போய்விட்டது. ஒரு பெண்ணுக்கு ஸ்மூத்தனிங் செய்து மூன்றே மாதத்தில், அதே முடியின் மேல் வெளுப்பும் போட்டு அனுப்பியிருந்தார்கள். அவள் என் எதிரில் உட்கார்ந்து சீவியபோது சீப்பில் துண்டு துண்டாக வந்தது. அதை வீட்டில் சரிசெய்ய முடியாது. அனுபவமுள்ள ஒருவரிடம் போய், சேதமான பகுதியைச் சில மாத இடைவெளியில் படிப்படியாக வெட்டச் சொல்லுங்கள். புது முடி வரும்வரை சூட்டுக் கருவி எதுவும் வேண்டாம்.

## முடியின் நடுவில் வெள்ளைப் புள்ளி

விரல் நகத்தால் புள்ளியை நகர்த்திப் பாருங்கள்.

எளிதாக உதிர்ந்தால் பொடுகு. உதிராமல், முடியின் ஒரு பக்கமாக ஒட்டிக்கொண்டு, வேருக்கு அருகிலேயே அதிகம் இருந்தால் ஈர். பேன் சீப்பை எடுங்கள். புள்ளி முடியோடு முடியாகவே இருந்து, வளைத்தால் அந்த இடத்தில் பட்டென்று ஒடிந்தால், அது தேய்ந்து பிரியத் தொடங்கிய முடி. ஒடிந்த முனை சின்னத் துடைப்பம்போலிருக்கும். புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டிவிட்டு, முந்தைய பகுதியின் சூடு, சீப்பு இரண்டையும் சரிபாருங்கள். குழந்தைக்குச் சிறு வயதிலிருந்தே முடி நீளாமல் இப்படி ஒடிந்தால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

## சடை எலி வாலாக முடிகிறது

மேலே கையளவு கனம், கீழே சுண்டுவிரல். சடையின் கனம் எந்த இடத்தில் பாதியாகிறதோ அங்கே ஒரு ரப்பர் பேண்ட் போடுங்கள். அதற்குக் கீழே ஒரு சாண் வரை இருந்தால் அதில் பாதியை இன்று வெட்டி, மீதியை நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஓரங்குலமாகக் குறையுங்கள். நான்கு மாதத்தில் இரண்டங்குலம்போல் வளர்ந்துவிடும். நீளமும் பெரிதாகக் குறையாது. நேர் கட் போட்டால் நுனி கனமாகத் தெரியும். யூ கட் அடுத்தபடி. ஸ்டெப் கட் கேட்காதீர்கள். சடை பின்னுகிறவர்களுக்கு அது எலி வாலை இன்னும் மெலிதாக்கும்.

அழகு நிலையத்துக்குப் போவதாக இருந்தாலும் அந்த ரப்பர் பேண்டோடு போங்கள். "ஓரங்குலம்" என்று வாயால் சொன்னால் அவர்கள் கையில் அது நான்கங்குலமாகலாம். எனக்கே ஒரு முறை அப்படி ஆனது. ரப்பர் பேண்டுக்குக் கீழே மட்டும் என்று காட்டிவிட்டால் பேச்சுக்கு இடமில்லை.

## வெட்டிய பிறகு ஒரு பக்கம் ஏறியிருக்கிறது

பதறிக் கத்தரியை எடுக்காதீர்கள். முடி முழுக்கக் காயட்டும். வகிட்டை நடுவில் எடுத்து, இரண்டு பக்கத்தையும் முன்னால் கொண்டுவந்து கழுத்தெலும்பின் மேல் ஒப்பிடுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குள் என்றால் விட்டுவிடுங்கள், பின்னினால் தெரியாது.

அதற்கு மேல் என்றால் எப்படி வந்தது என்று பாருங்கள். தலை எந்தப் பக்கம் சாய்ந்திருந்ததோ அந்தப் பக்கம் குட்டையாகும். பெரும்பாலும் மடியில் கைபேசி. முழு முடியையும் ஒரு தோளின் மேல் முன்னால் இழுத்து வெட்டினால் அந்தத் தோள் பக்கம் குட்டையாகி, மறுபக்கம் கோணலாகத் தொங்கும். நாற்காலியில் ஒரு காலை மடித்து உட்கார்ந்தாலும் தோள் ஏறிவிடும். இவை எதுவும் இல்லாவிட்டால் வகிடு ஓரமாக இருந்திருக்கும்.

திருத்தும் முறை: முதுகில்லாத ஸ்டூலில் இரண்டு பாதமும் தரையில் படிய உட்காரவையுங்கள். கட்டம் போட்ட துண்டைத் தோளோடு தோளாகப் பின்புறம் நேராக ஊக்குக் குத்துங்கள். அதன் கோடுதான் உங்கள் அளவுகோல். நீளமான பக்கத்தில் மட்டும், வித்தியாசத்தில் பாதியை வெட்டுங்கள். சீவி, மறுபடி பாருங்கள். பிறகு மிச்சம். ஒரே நாளில் இரண்டு திருத்தத்துக்கு மேல் வேண்டாம். அந்தப் பக்கம் கொஞ்சம் இந்தப் பக்கம் கொஞ்சம் என்று போய், முதுகு வரை இருந்த முடி தோளுக்கு வந்த கதைகள் எனக்கு நிறையத் தெரியும். இரண்டு திருத்தத்திலும் நேராகாவிட்டால் பின்னிக்கொண்டு அழகு நிலையத்துக்குப் போய்விடுங்கள்.

## சுருள் முடி காய்ந்ததும் கோணலாகிறது

ஈரத்தில் வெட்டியிருக்கிறீர்கள். ஈரமான சுருள் நீண்டு தொங்கும். காயும்போது ஒவ்வொரு சுருளும் ஒவ்வோர் அளவு சுருங்கும். நுனியின் பாரம் குறைந்ததும் இன்னும் மேலே துள்ளும். சுருள் முடியைச் சீவாமல், காய்ந்த நிலையில், சுருள் சுருளாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் கால் அங்குலம் மட்டும் எடுங்கள். வெட்ட ஆள் தேடும்போது, "சுருள் முடியைக் காய்ந்த நிலையில் வெட்டுவீர்களா" என்று கேளுங்கள். முதலில் தண்ணீர் தெளிப்பானைத் தேடுகிறவரிடம் உட்காராதீர்கள்.

## நெற்றியோரம் குட்டை முடி சிலுப்புகிறது

அந்தக் குட்டை முடியின் முனையை வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். மெலிந்து கூர்மையாக முடிந்தால் புது முடி, தொடாதீர்கள். மொட்டையாகவோ பிசிறாகவோ இருந்தால் ஒடிந்தது. இறுக்கிப் பின்னுவது, தினமும் ஒரே இடத்தில் கிளிப், ஹெல்மெட்டின் உள்பஞ்சு உரசுவது, இந்த வரிசையில் பாருங்கள். ஹெல்மெட்டுக்குள் மெல்லிய பருத்தித் துணி கட்டினால் உரசல் நிற்கும். நெற்றிக் கோடே பின்னேறி, தோல் வழவழப்பாகத் தெரிந்தால் தாமதிக்காமல் தோல் மருத்துவரிடம் போங்கள். நாள்பட்ட இழுப்பால் போன முடி திரும்பாமலேயே போகலாம்.

## சீப்பில் கொத்தாக வருகிறது

வந்த முடியின் முனைகளைப் பாருங்கள். ஒரு முனையில் வெள்ளையாகச் சின்ன உருண்டை இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது. நுனி வெட்டுவதற்கும் அதற்கும் தொடர்பில்லை. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. டெங்கு, டைபாய்டு போன்ற காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாக உதிரும். பெரும்பாலும் சில மாதங்களில் தானே நிற்கும்.

ஆறு மாதம் தாண்டியும் நிற்காவிட்டால், காசளவு வட்டமாகச் சொட்டை விழுந்தால், தலைத்தோலில் புண்ணோ செதிலோ இருந்தால், கத்தரியைக் கீழே வைத்துவிடுங்கள். சென்னையில் ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. ஹீமோகுளோபின், தைராய்டு பரிசோதனை ஏற்கெனவே செய்திருந்தால் அந்தச் சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், சாப்பிட்ட மாத்திரைகள், தலையில் செய்துகொண்ட ரசாயனச் சிகிச்சை எல்லாவற்றையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். போகும் நாளன்று எண்ணெய் வைக்காதீர்கள், பூவும் வேண்டாம். தலைத்தோல் மருத்துவர் கண்ணுக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும்.